டிஸ்பிளே மாற்றிய பட்டதாரி

"படிச்சவங்க கையில ஸ்க்ரூ டிரைவர் நிக்காது. உட்டுட்டுப் போங்க, நானே மாட்டித் தர்றேன்" என்றான் செல் கடைக்காரன்.

அவன் அதைக் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. தோசைக்கல் சுடும் என்று குழந்தைக்குச் சொல்வதைப் போல அக்கறையாகச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். தெருவின் முதல் பட்டதாரியும் நான். வேதியியல், முதல் வகுப்பு. இந்த மூன்று செய்திகளையும் யாரும் கேட்காமலேயே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. இரண்டாயிரத்து நான்காம் வருடக் கோடை. மரக்காணத்தில் உப்பு வாரும் பருவம்.

கடைக்காரன் என்னோடு பத்தாவது வரை படித்தவன். பத்தாவதில் அவன் நின்றுவிட்டான், நான் போய்விட்டேன். புதுச்சேரியில் ஏதோ ஒரு கடையில் வேலை கற்றுக்கொண்டு வந்து பேருந்து நிறுத்தத்துக்கு அருகே ஒரு கண்ணாடிப் பெட்டியும் மேசை விளக்குமாகச் செல் கடை வைத்தான். திறந்த அன்றே போய், கடைப் பலகையில் ஆங்கில எழுத்து ஒன்று தப்பாக இருப்பதை எடுத்துச் சொன்னேன். வாழ்த்துச் சொல்ல மறந்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவான். மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடைந்த செல் என்னுடையது அல்ல, அப்பாவுடையது. அப்பா உப்பு லோடு ஏற்றும் குழுவுக்கு மேஸ்திரி. லாரி வருகிறது என்று புரோக்கர் கூப்பிட்டுச் சொன்னால், எட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போக வேண்டும். அதற்காகப் பழைய செல் ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி சட்டைப் பையில் வைத்திருந்தார். பொத்தான் வைத்த செல். திரை நெருப்புப்பெட்டி அளவுதான் இருக்கும், வெளிச்சம் போட்டால் பச்சையாக எரியும்.

அந்த எண்ணைத்தான் வேலை விண்ணப்பத்தில் கொடுத்திருந்தேன். புதுச்சேரியில் ஒரு மருந்து கம்பெனிக்கு ஆய்வகத்தில் ஆள் வேண்டும் என்று நாளிதழில் விளம்பரம் வந்திருந்தது. கம்பெனியின் பெயர் இல்லை, முகவரி இல்லை, வெறும் பெட்டி எண் மட்டும். தகுதியானவர்களுக்குச் செல்லில் செய்தி வரும் என்று போட்டிருந்தார்கள். மூன்று வாரம் காத்திருந்தேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று அம்மா, சண்டை எதுவும் இல்லாமல், சாதாரணமாகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் யார் என்பதுகூட எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் செய்தித்தாளைச் சுண்டல் மடிக்கத்தான் வாங்குவார்கள்.

ஒரு திங்கட்கிழமை, பத்தாம் தேதி, செல் வீட்டில் சார்ஜில் கிடந்தபோது 'டிங்' என்றது. ஒரு செய்தி வந்திருக்கிறது, தெரியாத எண். அறிவுள்ள எவரும் அங்கேயே ஒரு பொத்தானை அமுக்கிப் படித்திருப்பார்கள். நான் படிக்கவில்லை. தனியாக நின்று படித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அம்மாவும் அளத்தில், அவளோடு உப்பு வாரும் பெண்கள் அத்தனை பேரும் அளத்தில். அவர்கள் நடுவில் நின்று, முதலில் ஆங்கிலத்தில் உரக்கப் படித்து, பிறகு தமிழில் விளக்க வேண்டும் என்று ஆசை. செல்லைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

உப்புப் பாத்திகளுக்கு நடுவே இருக்கும் வரப்பு மேலே காய்ந்து தெரியும், அடியில் வழுக்கும். பிறந்ததிலிருந்து அதில் நடந்தவள் நான். மூன்று வருடக் கல்லூரியில் அதை மட்டும் நன்றாக மறந்திருந்தேன். விழுந்தேன். செல் கீழே, என் முட்டி மேலே. பெண்கள் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையில் ஒரு விரிசல், அதிலிருந்து மசி கொட்டியதுபோல் கறுப்பு பரவி எல்லாவற்றையும் மூடிவிட்டது. செய்தி உள்ளே இருக்கிறது, படிக்க முடியாது.

அப்பாவிடம் அழுதுகொண்டே காட்டினேன். அவர் செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரின் செல்லிலிருந்து ஒரு முறை கூப்பிடச் சொன்னார். மணி அடித்தது.

"ரிங்கு வருதுல்ல? அப்பறம் என்னாத்துக்கு அழுவற? நாம காதுலதான பேசறோம்."

அவரைப் பொறுத்தவரை செல் உடையவே இல்லை. வீட்டிலேயே அந்தத் திரை தேவைப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

அன்று மாலை சிம்மை எடுத்து பக்கத்து வீட்டுச் செல்லில் போட்டுப் பார்த்தேன். செய்தி அதில் இல்லை, செல்லிலேயே தங்கியிருந்தது. சிம்மைத் திரும்ப அப்பாவின் செல்லில் போட்டு, கண்ணை மூடி, எந்தப் பொத்தானை எத்தனை முறை அமுக்கினால் செய்திக்குப் போகும் என்று ஞாபகத்திலிருந்து அமுக்கினேன். உப்பு புரோக்கருக்குப் போன் போனது. மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு மறுபடி முயன்றேன். மறுபடியும் அவரே எடுத்தார். மூன்றாவது முறை அவர், "இன்னாம்மா, அப்பாவுக்கு ஒடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கவலையாகக் கேட்டார். செய்தியை அழித்துவிடுவேனோ என்ற பயத்தில் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கடைக்காரன் புதன்கிழமை புதுச்சேரியிலிருந்து புது டிஸ்பிளே வாங்கி வந்திருந்தான். அதை வாங்கப் போனபோதுதான் படித்தவர்கள் கையைப் பற்றிய அந்தக் கருத்தைச் சொன்னான். அவன் முன்னால் ஏற்கெனவே நாலு செல் கிடந்தது, சாயங்காலம் ஆகும் என்றான். அப்பாவுக்கோ இரண்டு மணிக்குமேல் செல் கையில் இருந்தாக வேண்டும், லாரிகள் வரும் நேரம். அதனால்தான் வீட்டிலேயே மாற்றிக்கொள்கிறேன் என்று அவனிடம் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அப்பாவுக்கு லாரியே வராத நாளாக இருந்திருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன்.

அவன் டிஸ்பிளேயையும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். கண்ணாடிக்கு அடியில் ஒரு மெல்லிய ரப்பர் பட்டை இருக்கும், போர்டில் வரிசையாக இருக்கும் பொன்னிறக் கோடுகள் மேல் அது சரியாக அழுந்த வேண்டும் என்றான். "கைய நல்லா கழுவிக்குங்க மேடம். அந்தக் கோட்டுல அழுக்கு பட்டா போச்சு." நான் சிரித்தேன். மூன்று வருடம் ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவியவளிடம் சுத்தம் பற்றிச் சொல்கிறானே என்று.

வீட்டு வாசலில் பாயை விரித்து, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்தேன். கழற்றும் ஸ்க்ரூக்களை வைக்கத் தட்டு. எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ள நோட்டு, பேனா. எதிர் வீட்டுக்காரம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் கிணற்றடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கைகளை மூன்று முறை கழுவினேன். ஒரு துணியையும் அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது கைகளை உயர்த்திப் பிடித்தபடி, ஆபரேஷனுக்குப் போகும் டாக்டர்போல நடந்தேன். எதிர் வீட்டுக்காரம்மா, "கையில என்னா காயமா?" என்றார்.

ஆறு ஸ்க்ரூ. ஒன்று முறத்துக்குள் தெறித்து, உளுந்தோடு சேர்ந்துவிட்டது. அதைத் தேடியெடுக்கக் கால்மணி ஆனது. மற்றபடி வேலை நன்றாகவே நடந்தது. பழைய திரையைத் தூக்கியதும் பொன்னிறக் கோடுகள் தெரிந்தன. லேசாகத் தூசு. ஈரத்துணியின் நுனியால் ஒவ்வொரு கோடாகத் துடைத்தேன். கடல் காற்றில் ஒரு நிமிடம் காயவிட்டேன். புதுத் திரையை வைத்து, மூடி, முடுக்கினேன். பொத்தானை அமுக்கினேன்.

பச்சை வெளிச்சம் வந்தது. எழுத்தும் வந்தது. எதிர் வீட்டுக்காரம்மா கை தட்டினார். நானும் அவரோடு சேர்ந்து எனக்கே கை தட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். மேலிருந்து கீழாக அங்கங்கே சில கோடுகள் விட்டுப்போயிருந்தன. ஒரு எழுத்து முழுசாக இருந்தால் அடுத்தது பாதி. ஆனாலும் படிக்க முடிந்தது. நேர்காணல். காலை பத்து மணி. இடம், சேதராப்பட்டு தொழிற்பேட்டை. அசல் சான்றிதழ்கள் கொண்டு வரவும். தேதி மட்டும் கோடு விட்ட இடத்தில் மாட்டிக்கொண்டது. பதிமூன்றா, பதினெட்டா என்று தெரியவில்லை. மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் இடது பக்கத்தில்தான் இருக்கிறது. இடது பக்கம்தான் என்னிடம் இல்லை.

அம்மா அளத்திலிருந்து வந்ததும் சொன்னேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"போன் போட்டுக் கேளேன்."

அனுப்பிய எண்ணுக்கு ஒரு பச்சைப் பொத்தான் தூரம்தான். ஆனால் கேட்பதா? ஒரு பட்டதாரி, தனக்கு வந்த செய்தியில் தேதி என்ன என்று அவர்களிடமே கேட்டால், இவளுக்குப் படிக்கத் தெரியாது போல என்று நினைக்க மாட்டார்களா? யோசித்து, தர்க்கப்படி முடிவு செய்தேன். மதிப்பான கம்பெனி எதுவும் மூன்று நாள் அவகாசத்தில் ஆளைக் கூப்பிடாது. ஒரு வாரமாவது கொடுக்கும். ஆகவே பதினெட்டு. காலண்டரில் பதினெட்டை வட்டமிட்டேன். பதிமூன்றாம் தேதி முழுக்க என் ஒரே நல்ல சுடிதாருக்குப் பித்தான் மாற்றிக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

அன்று மாலைக்குள் திரையில் இன்னும் நாலு கோடு போய்விட்டது. பதினான்காம் தேதி காலையில், திரையின் முகப்பில் நான் போட்டு வைத்திருந்த அப்பாவின் பெயரே தெரியவில்லை. செல்லை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். கடையில் மூன்று பேர் நின்றார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பழசை எடுத்துப் புதுசு என்று விற்கிறாய், படிக்காதவர்கள் என்றால் ஏமாறுவார்கள், என்னிடம் அது நடக்காது என்று ஆரம்பித்து, நுகர்வோர் மன்றம் வரை போய்விட்டு வந்தேன்.

அவன் செல்லை வாங்கிக்கொண்டான். ஆறு ஸ்க்ரூவையும் ஒரு நிமிடத்தில் கழற்றினான். திரையைத் தூக்கி, போர்டை மேசை விளக்கின் அடியில் வைத்து, ஒரு பூதக்கண்ணாடியை என் பக்கம் தள்ளினான்.

"பாருங்க மேடம். இன்னா தெரியுது?"

பார்த்தேன். பொன்னிறக் கோடுகள் மேலும் அவற்றின் நடுவிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. சில இடத்தில் பச்சை பூத்திருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தேன். வெள்ளைத் துணுக்குகள் சின்னச் சின்னச் சதுரமாக இருந்தன.

"உப்பு" என்றேன். அந்த வாரத்தில் நான் ஒரே வார்த்தையில் சொன்ன முதல் பதில்.

"கை கழுவுனீங்களா?"

"மூணு வாட்டி கழுவுனேன். துணிய ஈரம் பண்ணித் துடைக்கவும் துடைச்சேன்."

"எந்தத் தண்ணி?"

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்காத கேள்வி அது. கை கழுவ, துணி துவைக்க, குளிக்க எல்லாமே கிணற்று உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர், குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது, குடிக்கவும் சோறு ஆக்கவும் மட்டும். நல்ல தண்ணீரில் கை கழுவுகிறவளை எங்கள் தெருவில் குடும்பத்துக்கு ஆகாதவள் என்பார்கள். நான் பிறந்ததிலிருந்து செய்வதைத்தான் செய்தேன். உப்புத் தண்ணீரால் துடைத்தேன், தண்ணீர் காற்றோடு போயிற்று, உப்பு தங்கிவிட்டது. கடற்கரை ஈரத்தை அது குடித்து, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருந்தது. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் என்று படம் போட்டு, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

நின்றிருந்த மூன்று பேரில் ஒருவர், "புள்ள எத்தினியாவது படிக்குது?" என்று கேட்டார். கடைக்காரன், "முடிச்சிட்டாங்க. கெமிஸ்ட்ரி" என்றான். அவன் அதைச் சிரிக்காமல் சொன்னதற்காக இன்றும் அவனுக்கு நன்றி உண்டு.

தானே சுத்தம் செய்து தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். இந்த முறை கொஞ்சம் மெதுவாக. அவன் மறுபேச்சில்லாமல் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு பழைய பல் பிரஷ்ஷையும் கொடுத்தான். "நல்ல தண்ணில தேச்சிட்டு, நல்லா காஞ்சப்பறம் மாட்டுங்க" என்றான். நான் கிளம்பும்போது, தயங்கி, அவனுடைய பலகை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். பொய்தான். அந்த எழுத்து இன்னும் தப்பு.

வீட்டில் அடுத்த தடை. அம்மா அன்று அளத்துக்குப் போகவில்லை, குழாயில் தண்ணீர் வரும் நாள். மூன்று குடம் நல்ல தண்ணீர் வரிசையாக நின்றது, முன்னால் அம்மா நின்றாள். நான் சொம்பை விடப் போனதும் கையைப் பிடித்தாள்.

"எதுக்குடி?"

"கை கழுவ. அப்பறம் செல்லையும் கழுவணும்."

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நான் முழுவதையும் விளக்கினேன். உப்புத் தண்ணீரில் என்ன இருக்கிறது, தண்ணீர் ஆவியாவது எப்படி, ஆவியானபின் எது எஞ்சுகிறது, எஞ்சியது என்ன செய்யும். கல்லூரியில் செமினார் எடுத்ததுபோலவே எடுத்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"தண்ணி காஞ்சா உப்பு நிக்கும்னு சொல்ற."

"ஆமா."

"இதுக்கா மூணு வருசம் காலேஜு போன? அதத்தானடி நாங்க தெனம் வாரிக் கொட்றோம். ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

அவள் சொம்பை என்னிடமிருந்து வாங்கினாள். முறைப்பு குறையாமலே மொண்டு, வாசலுக்கு வந்து என் கைகளில் ஊற்றினாள். ஒழுகும் தண்ணீர் வீணாகக் கூடாது என்று கீழே ஒரு வாளியையும் காலால் தள்ளி வைத்தாள். இரண்டாவது சொம்பு செல்லுக்கு. பல் பிரஷ்ஷை நனைத்து, கோடு கோடாகத் தேய்த்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே வெள்ளை இருக்கிறது, அங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்தாள். உப்பைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. வெயிலில் துணியின் மேல் காயவைத்தேன். எவ்வளவு அவசரம் என்றாலும் அரைமணி நேரம் அதைத் தொட அவள் விடவில்லை. காய்வது பற்றி யாரும் அவளுக்குச் சொல்ல முடியாது.

மாட்டினேன். பச்சை வெளிச்சம் வந்தது. ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை, எல்லாம் முழுசாக இருந்தது. செய்தியைத் திறந்தேன்.

பதிமூன்று.

அன்று பதினான்கு. நேற்று காலை பத்து மணிக்குச் சேதராப்பட்டில் யாரோ ஒருவர் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார். அப்போது நான் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மணி பதினொன்று ஆகப்போகிறது. ஆவணி ஞாபகம் வந்தது, சுண்டல் மடித்த செய்தித்தாள் ஞாபகம் வந்தது. அம்மா திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை, கல்யாணப் பேச்சையும் எடுக்கவில்லை. "போன் போட்டுக் கேளேன்" என்று மறுபடியும் அதையே சொன்னாள், முதல் முறை சொல்வதுபோலவே.

பச்சைப் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தேன். என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். நேர்காணல் முடிந்துவிட்டது என்பார்கள். வீட்டிலிருக்கும் ஒருத்தியிடம் அதைச் சொல்வது ரொம்பச் சுலபம். நான் சரிங்க என்று வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். விரலை எடுத்தேன்.

சுடிதாரை மாட்டிக்கொண்டேன். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டேன். அப்பா சாப்பிட வந்திருந்தார். செல் வேண்டும் என்று கேட்டேன். மத்தியானம் லாரி வரும், புரோக்கர் கூப்பிடுவார், அது எனக்கும் தெரியும். அவர் திரையைப் பார்த்தார். தன் பெயர் அதில் முழுசாக இருப்பதைப் படிக்க அவரால் முடியாது, ஆனாலும் பார்த்தார்.

"எடுத்துனு போ. நான் ரோட்டாண்ட நிக்கறேன். லாரி வந்தா ஆரன் அடிப்பான், அதுவும் காதுதான்."

புதுச்சேரி பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தவுடன் கூப்பிடவில்லை. திரும்பிப் போக மனம் வராத தூரம் வரட்டும் என்று காத்திருந்தேன். பாதி வழிக்கு மேல் வந்ததும் அமுக்கினேன். நாலாவது மணியில் ஒரு ஆண் குரல் எடுத்தது. பெயரைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. விழுந்ததையும், டிஸ்பிளேயை நானே மாற்றியதையும், உப்புத் தண்ணீரில் கழுவியதையும், தேதியைத் தப்பாக ஊகித்ததையும், கேட்க வெட்கப்பட்டதையும் சொன்னேன். வேதியியல் என்பதையும் சொன்னேன். பேருந்தில் முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நேத்தே முடிஞ்சிடுச்சேம்மா" என்றார்.

"தெரியும் சார்" என்றேன். "நான் கீழ்புத்துப்பட்டு தாண்டிட்டேன்."